முப்பது வருஷ அக்கா

அக்காவிடம் குடை கொண்டு போவதா வேண்டாமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அவருக்கு வானிலை அலுவலகத்தில் வேலை என்று தெரிந்த நாள்முதல், ஒஸ்லோவின் ஓரத்திலிருக்கும் எங்கள் வெஸ்ட்லித் தமிழர் எல்லோரும் அவரிடம் இதைத்தான் கேட்டார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வெளியே மேசை போடலாமா, சனிக்கிழமை விளையாட்டுப் போட்டிக்கு மழை வருமா என்று ஒரே கேள்விதான். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கேட்டவரை ஒரு பார்வை பார்ப்பார்.

"வரப்போற மழையைப் பற்றி எனக்கொண்டும் தெரியாது. நான் பெய்ஞ்சு முடிஞ்ச மழையோடை வேலை செய்யிறனான்."

நாங்கள் இருவரும் வெஸ்ட்லியில் ஒரே மாடிக்கட்டடத்தில் இருந்தோம். கணவர் இறந்த பிறகு அவர் மகளோடு எனக்கு இரண்டு மாடி மேலே குடிவந்தார். காலையில் ஒரே ரயிலில் ஏறுவோம். வெஸ்ட்லியில்தான் ரயில் புறப்படும் என்பதால் எங்களுக்கு எப்போதும் இருக்க இடம் கிடைக்கும். நான் பாதி வழியில் இறங்கி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவேன். அவர் ஒஸ்லோ நகரத்தைக் கடந்து மறுபக்கம் போவார். அவரைப் பற்றி நான் அறிந்ததில் முக்கால்வாசி அந்த ரயிலில் அறிந்ததுதான்.

நோர்வே முழுக்க இருக்கும் வானிலை நிலையங்களில் நூறு வருஷத்துக்கும் மேலாக அளந்து வைத்த மழையும் வெப்பமும் அவருடைய மேசைக்கு வரும். அவற்றை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நான் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். செத்துப்போனவர்கள் எழுதிவைத்த மழையைச் சரிபார்க்க ஒரு சம்பளமா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் நான் இறங்கும் வரைக்கும் விளக்கம் சொல்லி முடிக்கவில்லை.

ஒருமுறை மே மாதத்தில் பனி கொட்டியது. ரயில் மேடையில் நின்ற நம்மவர்கள் எல்லோரும் உலகம் கெட்டுப்போச்சு என்றார்கள். அடுத்த வருஷம் அதே மே மாதத்தில் வெயில் கொளுத்தியது. அதற்கும் உலகம் கெட்டுப்போச்சு என்றார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"போன வருஷம் குளிர்ந்தது, இந்த வருஷம் சுடுது. ரெண்டு வருஷத்தை வைச்சு என்னத்தைச் சொல்லுறது? முப்பது வருஷத்தையாவது சேர்த்துப் பாத்தால்தான் ஒரு இடத்தின்ரை குணம் தெரியும்."

"அப்ப காலநிலை மாறேல்லை எண்டுறியளோ அக்கா?" என்று நான் சீண்டினேன்.

"மாறுது. அதிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உலகம் முழுக்க அளந்ததைச் சேர்த்துப் பாத்தால் வடிவாத் தெரியுது. ஆனால் இந்த ஒரு மேடையிலை, இண்டைக்கு விழுந்த பனியை வைச்சுச் சொல்லேலாது. கலியாணமாகி வந்த மருமகளை முதல் கிழமையிலை பாத்துப்போட்டு, இவள் இப்பிடித்தான் எண்டு சொல்லுறேல்லையே? அதைப் போலத்தான்."

எங்கள் சனத்துக்குப் பட்டம் வைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் முப்பது வருஷ அக்கா ஆகிவிட்டார்.

பட்டத்துக்கு அவர் குறை வைக்கவில்லை. வசந்தம் வந்ததும் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து வளவைக் கூட்டித் துப்புரவாக்குவோம். டுக்னாட் என்பார்கள். வராதவரை அடுத்த டுக்னாட் வரைக்கும் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு நாள் சருகு வாரிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டு நோர்வேக் கிழவர், தான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பனி இடுப்பளவுக்கு விழும் என்றும் இப்போது முழங்காலைக்கூடத் தொடுவதில்லை என்றும் பெருமூச்சு விட்டார். அக்கா வாருகோலை ஊன்றிக்கொண்டு, "அப்போது உங்கள் இடுப்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது?" என்று நோர்வே மொழியில் கேட்டார். கிழவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

எல்லோருக்கும் அப்படி விளங்கவில்லை. ஒரு அம்மா மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையைப் பற்றி அக்காவின் வீட்டில் வைத்துப் புகழ்ந்தார். தங்கமான பெடியன், தங்களுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்றார்.

"ரெண்டு வருஷமோ? காணாது," என்றார் அக்கா.

போதாது என்று அவர் பகிடியாகச் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அந்த அம்மா பாதித் தேநீரோடு எழுந்து போய்விட்டார். கலியாணத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது, அக்காவுக்கு வரவில்லை. சாப்பாடு நல்லாயிருந்தது என்று நான் வேண்டுமென்றே வந்து சொன்னேன்.

அவருடைய பல்கனியில் ஒரு வெப்பமானி இருந்தது. வெயில் நேரே படாதபடி வெள்ளை அடித்த சின்ன மரக்கூட்டுக்குள் வைத்திருந்தார். கட்டடச் சங்கம் எல்லாப் பல்கனிகளுக்கும் கண்ணாடி போடத் தீர்மானித்தபோது அவர் கூட்டத்தில் எழுந்து எதிர்த்தார். கண்ணாடி போட்டால் உள்ளே சூடு தங்கும் என்றார். அதற்குத்தானே போடுகிறோம் என்றார் தலைவர். வாக்கெடுப்பில் அவர் பக்கம் அவர் ஒருவர்தான். எனக்கும் குளிர் பிடிக்காது, நான் கண்ணாடிக்குத்தான் கை தூக்கினேன்.

"வெப்பமானியைக் கீழை மரத்திலை கட்டலாமே அக்கா," என்றேன் ரயிலில்.

"கட்டலாம். ஆனால் அது வேறை கணக்கு. உம்மடை பிள்ளையின்ரை உயரத்தைக் கதவு நிலையிலை கோடு போட்டுப் பாத்தனீர் என்ன? வீடு மாறி, புது வீட்டு நிலத்திலையிருந்து அளந்தால் பரவாயில்லை. பழைய கதவு நிலையைக் கழட்டிக்கொண்டு போய், அரை அடி மேலை பூட்டிப்போட்டு அளந்தால்? பிள்ளை கட்டையாப் போச்சுது எண்டு அழுவீர்."

நோர்வேயில் இப்படி இடம் மாறிய நிலையங்கள் நிறைய என்றார். ஆனால் மாறியதை யாரோ ஒருவர் எழுதி வைத்திருப்பார். பக்கத்தில் மாறாத வேறு நிலையமும் இருக்கும். அதோடு ஒப்பிட்டுத் திருத்திவிடலாம். திருத்தி முடித்த நாட்களில் அவர் மாலை ரயிலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

என் வேலை நேர்மாறானது. முதியோர் இல்லத்தில் எங்கள் கிழவிகள், "மகள் இன்றைக்கு வருவாளா?" என்று கேட்டால் வருவாள் என்றுதான் சொல்வேன். எனக்கென்ன தெரியும்? ஆனால் ஓம் என்றால் அந்த மனுஷி சாப்பிடும், இல்லை என்றால் தட்டைத் தள்ளிவிடும். இதைச் சொன்னபோது அக்கா என்னை அதிசயமாகப் பார்த்தார். "எப்பிடி உம்மாலை ஏலுது?" என்றார். அதில் கண்டனம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவருக்கு ஊரில் ஒரு தம்பி. யாழ்ப்பாணத்துச் செம்மண் காணியில் வெங்காயம் செய்பவர். அவர்களுடைய தகப்பனும் அந்தக் காணியில் அதைத்தான் செய்தார். திருவெம்பாவைப் பூசை முடிந்த கையோடு விதை வெங்காயம் நடுவார்கள். அதற்குப் பிறகு பெருமழை இல்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தை பிறக்கும்போது பாத்திகள் பச்சையாக நிற்கும். அந்த வழக்கத்தை நம்பித்தான் தம்பியும் நட்டார். ஆனால் தொடர்ந்து மூன்று வருஷம் தை மாதத்தில் மழை கொட்டி வெங்காயம் நிலத்துக்குள்ளேயே அழுகிப்போனது. காணியை வாங்க ஒருவர் வந்து நின்றார். கலியாண மண்டபம் கட்டவாம்.

தம்பிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மழை இனித் தை மாதத்துக்கு நிரந்தரமாக மாறிவிட்டதா, அல்லது மூன்று வருஷமும் கெட்ட காலமா? மாறிவிட்டது என்றால் விற்பது. இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நடுவது. கேட்க அவருக்கு ஒஸ்லோவில் ஒரு அக்கா இருந்தார். மழையையே படித்த அக்கா.

"மூண்டு வருஷம் காணாது. ஊரிலை அளந்த கணக்கு இருந்தால் அனுப்பு," என்றார் அக்கா.

ஊர் விவசாய அலுவலகத்தில், எங்கள் சனம் சொல்லும் கந்தோரில், ஒரு மழைமானி இருந்தது. ஒரு எழுதுவினைஞர் அதை இளம் வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை, பிறகு ஓய்வு பெற்றும்கூட, ஒவ்வொரு காலையும் அளந்து எழுதியிருந்தார். தம்பி ஒவ்வொரு பக்கமாகக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினார். அக்கா அதை ரயிலில் எனக்குக் காட்டினார். மணிமணியான எழுத்து. முப்பது வருஷத்துக்கும் மேலே போகிறது, நடுவில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

"பிறகென்ன அக்கா, லொத்தர் விழுந்த மாதிரித்தானே!"

அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணவில்லை.

"அதுதான் பயமாக் கிடக்கு. எங்கடை ஊரிலை அந்த முப்பது வருஷமும் என்ன நடந்தது எண்டு உமக்குத் தெரியும்தானே. சனமே இல்லாத வருஷம் கிடக்கு. அப்ப ஆர் அளந்தது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த எழுதுவினைஞரோடு கதைத்தார். நான் அவர் குசினியில் பிட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தம்பி கிழவரின் வீட்டுக்குப் போய்த் தன் தொலைபேசியை அவர் கையில் கொடுத்திருந்தார். கிழவரின் குரல் நல்ல உரத்த குரல். எனக்கு எல்லாம் கேட்டது.

"ஐயா, இடம்பெயர்ந்த நேரத்திலையும் கணக்கு இருக்கே. அப்ப ஆர் அளந்தது?"

"நான்தான் பிள்ளை, வேறை ஆர்! ஒரு நாளும் விடேல்லை. எல்லாச் சனமும் உடுப்பையும் நகையையும் தூக்கிக்கொண்டு ஓடிச்சுதுகள். நான் மழைமானியைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். மனுசி ஏசிப்போட்டுது. தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூட வளவிலை வைச்சு அளந்தன். பிறகு வன்னியிலை. வன்னிக்குள்ளையும் எத்தினை இடம்! போற இடமெல்லாம் முதல் வேலை, இதுக்கு ஒரு இடம் பாக்கிறதுதான்."

அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"எந்த எந்தக் காலம் எங்கை இருந்தனீங்கள் எண்டு எழுதி வைச்சிருக்கிறியளோ ஐயா?"

"அதேன்? எங்கடை கந்தோர்க் கணக்கெல்லோ. கந்தோரின்ரை பேரிலைதான் எழுதினனான். கணக்கு அறுந்துபோகக் கூடாது எண்டு மேலிடத்தாலை சொன்னவை."

"நினைவிருக்கோ ஐயா? எந்த மாதம் எந்த இடம் எண்டு?"

கிழவர் முயன்று பார்த்தார். ஒரு வேப்பமரம் நினைவிருந்தது. ஒரு கோயில் மடம் நினைவிருந்தது. மூத்த மகனைப் புதைத்த இடம் நினைவிருந்தது, அது எந்த வருஷம் என்பதில் குழம்பினார். பிறகு, "ஏன் பிள்ளை, ஏதும் பிழையோ?" என்று கேட்டார். அந்த உரத்த குரல் சட்டென்று இறங்கிப்போனது.

"இல்லை ஐயா. இப்பிடி ஒருத்தரும் செய்ய மாட்டினம்," என்றார் அக்கா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

தொலைபேசியை வைத்த பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கதவு நிலை நினைவுக்கு வந்தது. வன்னி மழை வேறு, யாழ்ப்பாண மழை வேறு. ஊரின் பெயரில் எழுதியிருந்ததெல்லாம் ஊரில் பெய்த மழை இல்லை. அந்த மனுஷனின் தலைக்குமேல், அவர் ஓடி ஓடி நின்ற இடங்களில் பெய்த மழை.

"பிரிச்செடுக்கேலாதோ அக்கா? இஞ்சை செய்யிற மாதிரி?"

"எதோடை ஒப்பிட்டுப் பிரிக்கிறது? சுத்தியிருந்த நிலையமெல்லாம் அந்த நேரம் மூடிக்கிடந்தது. உறுதியா ஊரிலை அளந்தது எண்டு எடுத்தால், முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது."

நான் துருவிய தேங்காய் துருவியபடியே கிடந்தது.

தம்பி அன்று பின்னேரமே மறுபடி எடுத்தார். அக்கா விளங்கப்படுத்தினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அதெல்லாம் சரி அக்கா. வாங்க நிக்கிற ஆள் வாற கிழமை முடிவு கேக்கிறான். ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லை எண்டு சொல்லுங்கோ. ரெண்டிலை ஒண்டு."

"எனக்குத் தெரியாது தம்பி."

"உங்களுக்குத் தெரியாட்டில் பிறகு ஆருக்குத் தெரியும்?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் கேட்கப் பாவமாக இருந்தது. எனக்கு அக்காமேல் எரிச்சல் வந்தது. வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேவிட்டேன்.

"மாறிப்போச்சு எண்டு நான் சொல்லி, அவன் காணியை வித்துப்போட, அதுக்குப் பிறகு மழை ஒழுங்காப் பெய்தால்? மாறேல்லை எண்டு சொல்லி அவன் நட்டு நட்டு அழிஞ்சால்? நீர் உங்கை ஓம் எண்டு சொல்லுறது ஒரு நேரச் சாப்பாட்டுக்கு. இது எங்கடை அப்பான்ரை காணி."

நான் பிட்டை அவித்து வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் மார்கழி விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனேன். அக்கா ஒரு புது மழைமானியை என் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். பிடவைகளுக்கு நடுவில் அது உருளையாக, மொத்தமாக இருந்தது. கொழும்பு விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்த்த அதிகாரி, இது என்ன என்று மூன்று தரம் கேட்டார். மழையை அளக்கிறது என்றேன். "மழையை அளந்து?" என்று கேட்டார். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

தம்பி இன்னும் விற்கவில்லை. இன்னொரு வருஷம் பார்ப்போம் என்று நட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கும் மனுஷன். காணியின் நடுவில், மரநிழல் விழாத இடமாகப் பார்த்து மழைமானியை நட்டார். அக்கா எழுதி அனுப்பிய முறையை நான் வாசிக்க வாசிக்கச் செய்தார்.

"இண்டைக்குத் தொடங்கினால்தான் ஒருநாளைக்கு முப்பது வரும் எண்டு அக்கா சொன்னவ," என்றேன்.

"அப்ப நான் இருப்பனோ?" என்று சிரித்தார். ஆனால் அடுத்த நாள் விடியவே போய்ப் பார்த்தார். வெறும் போத்தல். "சைபர் எண்டும் எழுத வேணுமோ?" என்று என்னிடம் கேட்டு, அதையும் அக்காவுக்கு அனுப்பினார்.

நான் ஒஸ்லோ திரும்பிய பிறகு ரயிலில் ஒவ்வொரு காலையும் அந்தச் செய்தி வருவதைப் பார்த்தேன். தம்பி ஒரு இலக்கத்தை மட்டும் அனுப்புவார். அக்கா அதைக் குறித்துக்கொள்வார். தை பிறந்து இரண்டு கிழமை சைபர் சைபராக வந்தது. அக்கா பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினார். பிறகு ஒரு காலை பெரிய இலக்கம் வந்தது. அடுத்த காலை அதைவிடப் பெரியது. அக்கா தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே எங்கள் மலைச்சரிவில் பனி விழுந்துகொண்டிருந்தது. ஊரில் வெங்காயம் அழுகிக்கொண்டிருந்ததை அவர் அந்த இலக்கத்திலேயே பார்த்துவிட்டார். நாலாவது வருஷம். அதுவும் காணாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பங்குனியில் தம்பி காணியை விற்றார். அக்காவிடம் கேட்காமல் விற்றார். விற்ற பிறகுதான் சொன்னார், குறை சொல்லவில்லை. யாழ்ப்பாண நகரத்துக்குள் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிபோனார். தான் சொல்லாமல் விட்டது சரியா பிழையா என்று அக்கா ரயிலில் ஒருமுறை மட்டும் கேட்டார். அதற்கும் முப்பது வருஷம் வேண்டுமோ என்னவோ என்றேன் நான். சிரிப்பார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் கோடையில் அவருடைய மகளுக்குப் பேர்கன் நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அக்காவும் ஓய்வு எடுத்துக்கொண்டு மகளோடு போகத் தீர்மானித்தார். பேர்கன் என்றால் ஓயாத மழை. மழையைத் தேடிப் போறார் என்று எங்கள் சனம் பகிடி பண்ணியது. போய் வருஷங்கள் ஆகிவிட்டன. தை பிறந்தால் நான் ஒரு வாழ்த்து அனுப்புவேன், அவரும் அனுப்புவார். அவ்வளவுதான்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அவர் கடைசியாக வேலைக்குப் போன அந்தக் காலைதான். வெஸ்ட்லி மேடையில் ரயில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஏறி எங்கள் வழக்கமான இடத்தில் இருந்தோம். அவருடைய தொலைபேசி ஒலித்தது. முன்பு இலக்கத்தை மட்டும் அனுப்பி, காணி விற்ற பிறகு அதையும் அனுப்பாமலிருந்த தம்பி அன்று கதைத்தே அனுப்பியிருந்தார். கூடவே ஒரு படம். அக்கா படத்தை எனக்குக் காட்டினார். நகரத்து வீட்டின் பின்பக்கம், ஒரு தகரக் கூரையின் ஓரம். அதன் கீழ், இரண்டு மதில்களுக்கு நடுவில், நான் பிடவைக்குள் வைத்துக் கொண்டுபோன அதே மழைமானி.

தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, காணி போனாலும் இதை நான் விடேல்லை. தூக்கிக்கொண்டு வந்திட்டன். வீடு மாறின அண்டைக்கும் அளந்தனான், ஒரு நாளும் விடேல்லை. பழைய கணக்கோடையே சேர்த்து எழுதுறன். உங்களுக்கு இது உதவும்தானே அக்கா?"

கூரைத் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் விழும் என்பது எனக்கே தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. கதவுகள் மூடி, ரயில் நகர்ந்து, அடுத்த நிலையம் வரும்வரைக்கும் அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஓம் தம்பி," என்றார். "உதவும். விடாதை."